அப்பலாச்சிய மலைமக்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், முக்கியமாக வெஸ்ட் வர்ஜீனியாவிலும் கிழக்குக் கென்டக்கியிலும், சமையலையும் பாட்டையும் பதிவு செய்துவந்த எங்கள் களப்பணி முடிந்துவிட்டது. உதவியவர்களுக்கு ஆங்கிலத்தில் தனி மடல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் நாட்டார் வழக்காறுகளில் அக்கறை உள்ள நம் நண்பர்கள் இந்தப் பணியைப் பற்றிப் பேசும்போது என் பெயரை மட்டும் சொல்கிறார்கள். அது நியாயமில்லை என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

இந்த மலைகளில் பாட்டுச் சேகரித்த வரலாறு நெடுகவும் இந்தக் குறை உண்டு. 1916 முதல் 1918 வரை இங்கிலாந்திலிருந்து வந்து 1,600க்கும் மேற்பட்ட மெட்டுகளை எழுதிக்கொண்டு போனவர் செசில் ஷார்ப். அவர் மெட்டை எழுத, பாட்டு வரிகளை உடனிருந்து எழுதியவர் மாட் கார்ப்பலஸ் என்ற பெண். வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஜேன் ஜென்ட்ரி என்ற ஒரே பெண்மணி 60க்கும் மேற்பட்ட பாடல்களை ஷார்ப்புக்குப் பாடிக் கொடுத்தார். பிறகு, கார்ட்டர் குடும்பம் என்ற புகழ்பெற்ற நாட்டுப்புற இசைக்குழுவின் ஏ. பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராகப் போனபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் வரிகளைக் குறித்துக்கொள்வார். மெட்டெல்லாம் ரிடிலின் நினைவில்தான் வீடு வந்து சேரும். அவர் பெயர் வெளியே தெரிய வெகுகாலம் ஆயிற்று. எங்கள் பதிவுகள் ஒவ்வொன்றிலும் பாடியவர், சமைத்தவர், கூட இருந்து விளக்கியவர் பெயர் முதலில் வருகிறது. பொதுவெளியில் பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே மட்டும் குறிப்பிடவில்லை.

முதல் நன்றி சமையலறையைத் திறந்துவிட்ட பாட்டிமார்களுக்கு. சால்ட் ரைசிங் ரொட்டிக்கு ஈஸ்ட் கிடையாது. மக்காச்சோள மாவிலோ உருளைக்கிழங்கிலோ சூடான பால் அல்லது வெந்நீர் ஊற்றி, சூடு ஆறாமல் இரவு முழுக்க வைத்திருந்தால் காலையில் நுரை கட்டி, முற்றிய பாலாடைக்கட்டி போல ஒரு நெடி எழும். அந்த நெடி வந்தால்தான் மாவு பிசைய வேண்டும். எந்தக் குறிப்புப் புத்தகத்தாலும் இதை முழுதாகச் சொல்லித்தர முடியாது. பக்கத்தில் நின்று முகர்ந்து பார்க்க வேண்டும். இதற்காகத் தங்கள் வீட்டில் இரவு தங்கவைத்து, விடியுமுன் எழுப்பிவிட்டவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

பச்சை பீன்ஸை ஊசி நூலில் கோத்து அடுப்பருகே தொங்கவிட்டு வற்றலாக்குவார்கள். லெதர் பிரிச்சஸ் என்று பெயர். குளிர்காலத்தில் ஊறவைத்து, உப்பிட்ட பன்றிக்கொழுப்போடு மணிக்கணக்கில் வேகவைத்தால் பச்சை பீன்ஸில் இல்லாத ஓர் ஆழமான ருசி வரும். கோக்கிற வேலைக்கு அக்கம்பக்கத்தார் கூடும்போது பாட்டும் தானாக வரும். சமையல் தனி, இசை தனி என்று நாங்கள் போட்டு வைத்திருந்த திட்டத்தை மாற்றச் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தான். இந்தப் பணிக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை அது.

வசந்தத்தில் ராம்ப்ஸ் என்ற காட்டுப் பூண்டைச் சமைத்து ஊருக்கே விருந்து வைக்கும் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தாருக்கு நன்றி. விதையிலிருந்து முழுதாக வளர அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எங்கே எவ்வளவு தோண்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று காட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டிய பெரியவருக்குத் தனியாக ஒரு வணக்கம். அந்த இடங்களை எங்கள் வரைபடம் எதிலும் குறிக்கவில்லை, ஐயா. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது.

ஃபிடில் என்று இங்கே சொல்லும் வயலினை வாசித்தவர்கள், பான்ஜோ என்ற தந்திக் கருவியை நகத்தால் கீழ்நோக்கித் தட்டும் பழைய முறையைப் பொறுமையாக மெதுவாக்கிக் காட்டியவர்கள், அந்தக் கருவியின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருப்பதைத் தங்கள் குடும்பக் கதைகளோடு விளக்கிய கறுப்பின மூத்தோர் எல்லோருக்கும் நன்றி. கிழக்குக் கென்டக்கியின் ஓல்டு ரெகுலர் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையினர் கருவி எதுவும் இல்லாமல் பாடுகிறவர்கள். ஒருவர் வரியை வேகமாக எடுத்துக்கொடுக்க, சபை முழுவதும் அதை நீட்டி இழைத்துப் பாடும். வழிபாட்டை ஒலிப்பதிவு செய்ய அனுமதித்ததே பெரிய விஷயம். சில பாடல்களைப் பொதுவில் வைக்க வேண்டாம் என்றார்கள். அவை பூட்டியே இருக்கும்.

அப்புறம், மலைப்பாதையில் பனி கொட்டிய நாள்களில் எனக்கு இடமும் சூடான ரசமும் கொடுத்த, வெஸ்ட் வர்ஜீனியாவின் மார்கன்டவுன் ஊர்த் தமிழ்க் குடும்பத்துக்கும், புரியாத உச்சரிப்புகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தாக்கிய மாணவர்களுக்கும், ஒவ்வொரு பதிவுக் கோப்பையும் சரிபார்த்த நூலகத்தாருக்கும் என் அன்பு.

பதிவுகளின் நகல் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பப்பட்டு வருகிறது. இணைய வசதி இல்லாத வீடுகளுக்குக் குறுந்தகடாக நானே கொண்டுவந்து தருகிறேன். பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் நகல்கள் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள்; செலவு எங்களுடையது.

நன்றியுடன்.