கயலுக்கு, நான் சொன்ன வயதுக் கணக்கைப் பற்றி

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நவம்பர் நாடகத்தில் உனக்கு வேடம் கிடைத்திருக்கிறது, நாலே வரிதான் வசனம் என்று ஆசையாகச் சொன்னாய். "முப்பத்தாறு வயசாச்சு, நாலு வரிக்காக ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒத்திகையா?" என்று கேட்டுவிட்டேன். "சரிம்மா, வெச்சிடறேன்" என்றாய். அப்புறம் மூன்று நாளாக ஒரு மெசேஜ்கூட இல்லை. போனில் கூப்பிட்டால் மறுபடி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து எழுத உட்கார்ந்தேன்.

இருபத்தெட்டு வருடம் கல்லூரியில் ஐரிஷ் நாடகம் நடத்தியவள் நான். எழுதியவர்களைப் பற்றிக் கேள்வித்தாளில் கேள்வி வரும். நடித்தவர்களைப் பற்றி வராது. அதனால் வகுப்பில் சொன்னதில்லை, உனக்கும் சொன்னதில்லை. பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒரு நடிகர். நீ இருக்கிற டப்ளின்காரர். அவர் கதை தெரிந்திருந்தும் உன்னிடம் அப்படிப் பேசினேனே என்பதுதான் என் வருத்தம்.

1888இல் போர்ட்டோபெல்லோ பகுதியில் வால்வொர்த் ரோட்டில் பிறந்தார். போன வருடம் நீ படம் அனுப்பினாயே, யூதர் அருங்காட்சியகம், அதே தெரு. வீட்டில் வைத்த பெயர் வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ். 1911இல் அரசாங்க வேலையில் இளநிலை குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பின்னால் வேலையில்லாதவர்களுக்கான அலுவலகத்தில் மேஜை. பகலில் கோப்பு, சாயங்காலம் டப்ளினின் ஆபி தியேட்டர் என்கிற நாடக அரங்கு. நடிப்பது மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் வம்பு என்றுதான் வேறு பெயர் வைத்துக்கொண்டார். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த ஒளிவுப் பெயரில்தான்.

ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்த வசனம் நாலு வரிகூட இல்லை, கயல். நான்கே சொற்கள். ஷெரிடனின் பழைய நகைச்சுவை நாடகம் ஒன்று. பதற்றத்தில் இரண்டு சொற்களின் முதலெழுத்தை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். "கதவைத் திற" என்பதை "ததவைக் கிற" என்று சொன்ன மாதிரி. அரங்கமே சிரித்தது. தன் வழி நகைச்சுவைதான் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாராம்.

1924இல் நாடகாசிரியர் ஷான் ஓகேசியின் 'ஜூனோ அண்ட் த பேகாக்' வந்தது. அதில் கேப்டன் பாயில் வேடம். எப்போதோ நிலக்கரிக் கப்பலில் ஒரு தடவை போய்வந்ததை வைத்துக்கொண்டு தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொள்ளும் ஆள். வேலை இருக்கிறது என்று யாராவது வாயெடுத்தால் போதும், கால்வலி வந்துவிடும். மனைவி ஜூனோ உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். இந்த நாடகத்தை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். ஆனால் வேலையில்லாதவர்களின் அலுவலகத்தில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த ஒருவர், ராத்திரி மேடையேறி வேலைக்குப் பயந்து ஓடுகிறவனாக நடித்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தது இந்த வாரம்தான். அந்த மேஜைக்கு முன்னால் எத்தனை விதமான மனிதர்கள் வந்து நின்றிருப்பார்கள்! உண்மையான கால்வலியையும் பொய்யான கால்வலியையும் அவர் அங்கே பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் ஆபீஸ் உன் நடிப்பைத் தின்கிறது என்று நீ ஒரு தடவை அழுதாய். அப்படித்தான் இருக்கவேண்டும் என்றில்லை, கண்ணு.

இரண்டு வருடம் கழித்து ஓகேசியின் அடுத்த நாடகம், 'த ப்ளவ் அண்ட் த ஸ்டார்ஸ்'. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் 1916 எழுச்சி நடந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. புரட்சிக்காரர்களின் கொடியை மதுக்கடைக்குள் கொண்டுவருகிற காட்சி பலருக்குப் பொறுக்கவில்லை. நான்காம் நாள் கலவரம். சிலர் மேடையிலேயே ஏறிவிட்டார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் ஃப்ளூத்தர் என்கிற தச்சனாக நடித்துக்கொண்டிருந்தார். மேலே ஏறிவந்த ஒருவரை ஒரே குத்தில் கீழே தள்ளினார் என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் தம்பி ஆர்தர் ஷீல்ட்ஸ். 1916இல் நிஜமாகவே துப்பாக்கி எடுத்துச் சண்டையிட்டு, வேல்ஸில் ஃப்ரோங்கோக் முகாமில் அடைபட்டிருந்தவர். அவரும் அதே நாடகத்தில் ஒரு வேடத்தில் நடித்தார். கூச்சல் போட்டவர்களின் துக்கமும் பொய்யில்லை, அதில் எழுச்சியில் கணவரை இழந்த பெண்கள் இருந்தார்கள். இந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இவ்வளவு நடந்தும் அவர் குமாஸ்தாதான். வேலையை விட்டது 1929இல். ஓகேசியின் 'த சில்வர் டாஸி'யை ஆபி தியேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நாடகம் லண்டனுக்குப் போனது. அவரை மனதில் வைத்து எழுதிய வேடம். லண்டனில் மேடை, டப்ளினில் மேஜை என்று இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. மேஜையை விட்டார். அந்த நாடகம் நீண்ட நாள் ஓடவில்லை. ஆனாலும் அவர் ஆபீசுக்குத் திரும்பவில்லை. வேலையை விடும்போது அவருக்கு வயது 41. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், உன்னைவிட ஐந்து வயது மூத்தவர்.

அப்புறம் நடந்ததை நீ இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இயக்குநர் ஜான் ஃபோர்ட் அந்த 'ப்ளவ்' நாடகத்தைப் படமாக எடுக்க 1936இல் ஹாலிவுட்டுக்குக் கூப்பிட்டபோது வயது 48. 1944இல் 'கோயிங் மை வே' படத்தில் வயதான கத்தோலிக்கப் பாதிரியாராக நடித்தார். அவரோ புராட்டஸ்டண்ட் குடும்பம். அந்த ஒரே வேடத்துக்குச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் இரண்டிலும் ஆஸ்கருக்குப் பெயர் பரிந்துரையானது. அப்புறம் ஒரே வேடத்துக்கு அப்படி இரண்டிலும் பரிந்துரைக்கக் கூடாது என்று ஆஸ்கர் விதியையே மாற்றிவிட்டார்கள். துணை நடிகர் விருது கிடைத்தது. போர்க்காலம் என்பதால் சிலையைப் பிளாஸ்டரில் செய்திருந்தார்கள். வீட்டுக்குள் கோல்ஃப் பழகும்போது அவர் கை வீச்சில் அதன் தலை உடைந்துபோயிற்று.

நீ பார்க்கவேண்டிய படம் 'த கொயட் மேன்'. அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் காங் என்கிற ஊரில் எடுத்தது. அதில் அண்ணனுக்குக் கல்யாணத் தரகர் வேடம், தம்பி ஆர்தருக்குப் புராட்டஸ்டண்ட் பாதிரியார் வேடம். குதிரைவண்டி ஒன்று மதுக்கடை வாசலில் தானாகவே நிற்கும், அந்த இடத்தில் அவர் முகத்தைப் பார். கடைசியில் டப்ளினுக்கே திரும்பி, 1961 ஜனவரியில் இறந்தார். டீன்ஸ்கிரேஞ்ச் கல்லறையில் புதைத்தார்கள்.

வேலையை விடு என்று நான் எழுதவில்லை. விடாதே என்றும் எழுதவில்லை. அதை நீ பார்த்துக்கொள்வாய். வயசாச்சு என்று சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது தப்பு.

உன் டிராம் ஆபி ஸ்ட்ரீட்டில் நிற்குமே, ஒரு நாள் இறங்கி அந்தத் தியேட்டர் வாசல்வரை போய்வா. அவர் நடித்த கட்டடம் 1951இல் தீயில் போய்விட்டது. இப்போது இருப்பது 1966இல் திறந்தது. இடம் அதேதான்.

அப்பா நாடகத் தேதியைக் கேட்கிறார். நவம்பரில் விசா கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். குளிருக்கு என்ன எடுத்துவரவேண்டும் என்று எழுது. வருகிற ஞாயிறு அந்த நாலு வரியையும் எனக்குச் சொல்லிக் காட்டு. ஸ்பீக்கரில் போடுகிறேன், அப்பாவும் கேட்கட்டும்.

அன்புடன்,
அம்மா