எல்லா பாட்டிலும் குளுக்கோஸ் இல்லை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில், "நரம்பில் ஏற்ற ஆர்.எல்லா (ரிங்கர் லாக்டேட்) என்.எஸ்ஸா (நார்மல் சலைன்) என்று வார்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், குழப்பமாக இருக்கும்மா" என்றாய். ராத்திரி முழுக்க அதே நினைப்பு. அதான் எழுதுகிறேன்.

நம்ம தொண்டிப் பக்கம் எதைத் தொங்கவிட்டாலும் ஜனங்களுக்கு அது குளுக்கோஸ்தான். நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலுக்குப் போகிற அண்ணன் ஒருவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பேதி. வேறோர் இடத்தில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது நிஜமான குளுக்கோஸ் தண்ணீர், இரண்டு பாட்டில் ஏற்றியிருந்தார்கள். கண் குழிக்குள் போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. மணிக்கட்டில் நாடி இல்லை. டெக்ஸ்ட்ரோஸில் இருக்கிற சர்க்கரையை உடம்பு எரித்துவிடும், மிச்சம் வெறும் தண்ணீர். அதில் பத்தில் ஒரு பங்குகூட ரத்தக்குழாயில் தங்காது. டாக்டர் இரண்டு கையிலும் ஊசி போட்டு ஆர்.எல்லை வேகமாக ஓடவிட்டார். 50 கிலோ ஆளுக்கு முதல் அரை மணியில் ஒன்றரை லிட்டர், அடுத்த இரண்டரை மணியில் மூன்றரை லிட்டர். என் விரலுக்கடியில் நாடி தட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நார்மல் சலைன் என்ற பெயரை நம்பி அது ரத்தம் மாதிரியே இருக்கும் என்று நினைக்காதே. லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம்ம கடலில் ஏறக்குறைய 35. உப்பு குறைவுதான், ஆனால் அந்த உப்பிலிருந்து வருகிற குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல். ரத்தத்தில் 100ஐ ஒட்டித்தான் இருக்கும். லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தம் அமிலப் பக்கம் சாயும். ஆர்.எல்லில் 110க்குப் பக்கம். அதனால் பேதி, தீக்காயம், செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றி உடம்பையே தாக்குவது) என்று நிறைய ஏற்ற வேண்டிய இடத்தில் என் கை ஆர்.எல்லுக்குத்தான் போகும். 2018இல் வந்த அமெரிக்க ஆய்வு ஆர்.எல் வகைத் திரவங்களின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, 2022இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பார்த்தபோது சாவு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் உங்கள் வார்டில் இரண்டு பேச்சு இருப்பதில் தப்பில்லை.

ஆனால் தலையில் அடிபட்டு வந்தால் என்.எஸ்தான், ஆர்.எல் மூளை வீக்கத்தைக் கூட்டிவிடலாம். வாந்தி மட்டும் விடாமல் எடுத்தவருக்கும் என்.எஸ். ரத்தம் ஏறுகிற குழாயில் ஆர்.எல்லைச் சேர்க்காதே தாயி, அதில் கால்சியம் இருக்கிறது, ரத்தம் உறைந்துவிடலாம்.

வயதானவர், இதயம் பலவீனமானவர் என்றால் 250 மில்லி ஏற்று, நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேள், அப்புறம் அடுத்தது. பாட்டிலை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதே. ராத்திரி டூட்டியில் நான் கூப்பிட்டு, "யூரின் பையைப் பார்த்தியா?" என்று கேட்பேன். கோபித்துக்கொள்ளாதே.

அம்மா
தொண்டி