மரம் ஏன் விழுந்தது என்று தோண்டிப் பார்த்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் பேருந்து நிலையத்திலிருந்து ரயில்வே கேட் வரை போகும் சாலையின் இரு பக்கமும் நிற்கிற வேம்பு, வாகை, மருது, புளி எல்லாவற்றிலும் போன வாரம் மஞ்சள் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டார்கள். சாலையை அகலப்படுத்தி வடிகால் கட்டப் போகிறார்களாம். கூடவே, ‘மரங்களுக்கு வயதாகிவிட்டது, மழைக்காலத்தில் விழுந்து உயிரை வாங்கும்’ என்றும் ஒரு காரணம் சொல்கிறார்கள். அகலப்படுத்துவதைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். மரம் விழுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் ஓய்வுபெற்ற லைன்மேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று உங்கள் பத்திரிகையில் மின்தடை அறிவிப்பு வருமே, அன்றைக்கு அரிவாளும் அலக்குமாகக் கம்பத்துக்கும் மரத்துக்கும் ஏறி இறங்கிய ஆட்களில் ஒருவன். மரம் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிற ஆள் இல்லை.

ஆபத்து என்கிற பேச்சே போன ஐப்பசியில் ஆட்டோ மேல் விழுந்த ஒரு வாகையால்தான் கிளம்பியது. நல்லவேளை, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். சேதி கேட்டு நானும் போனேன். எல்லோரும் நசுங்கிய ஆட்டோவைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மரத்தின் தூரைப் பார்த்தேன். மரம் கிழக்கே சாய்ந்து கிடந்தது. அந்தப் பக்கத்து வேர்கள் அப்போதுதான் மடங்கி முறிந்தவை; உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தன. மேற்குப் பக்கம் தொடைக் கனத்தில் மூன்று வேர்கள், முனை மொட்டையாக, கறுத்துப்போய். ஒன்றில் காளான்கூட முளைத்திருந்தது. விரலால் அழுத்தினால் பொதுக்கென்று உள்ளே போனது. அதை ஒட்டியே ஜேசிபி வைத்துத் தோண்டிப் பதித்த புதுக் குழாய் ஓடுகிறது. அப்போது அறுபட்ட வேர்கள் அவை.

வேர் அறுபட்ட மரம் அன்றைக்கே விழாது. ஒன்றிரண்டு பருவம் பச்சையாகவே நிற்கும், பூக்கும், காய்க்கும். அடியில் அழுகல் ஏறிக்கொண்டிருக்கும். மண் நன்றாக ஊறிய ஒரு நாளில் சாய்ந்துவிடும். காற்றுகூட வேண்டாம். அன்றைக்கு எங்கள் தெருவில் கொடியில் கிடந்த துணி கொடியிலேயே கிடந்தது. 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது கம்பம் நட எங்களைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ரப்பர் தோட்டம் தோட்டமாக முறிந்து கிடந்ததைப் பார்த்தேன். அது புயல் செய்த வேலை. இது ஜேசிபி செய்த வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையில் நிற்கவில்லை. அந்த மழையில் எங்கள் சாலையில் ஒரு மரம் விழவில்லை. குழாய் பதித்தது அதற்கப்புறம். வயதுதான் காரணம் என்றால் அன்றைக்கே விழுந்திருக்க வேண்டாமா?

இதை அளவெடுக்க வந்த அதிகாரியிடம் சொன்னேன். “விழுந்து ஆள் மேல பட்டா நீங்களா அண்ணாச்சி பதில் சொல்லுவிய?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கேள்வி நியாயம்தான். அதைக் குழி தோண்டியவரிடமும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

நிற்கிற மரங்களின் கதியும் சொல்லும்படி இல்லை. ரேஷன் கடை எதிரே இருக்கிற வேம்புக்குத் தூரைச் சுற்றிக் கழுத்தை நெரிப்பதுபோல கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். சொட்டுத் தண்ணீர் இறங்க வழியில்லை. டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் 2013-இலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லிவிட்டது. இங்கே இன்னும் பேவர் பிளாக்கை அடிமரத்தோடு ஒட்ட வைத்துப் பதிக்கிறோம். பிறகு ‘வேர் தரையைத் தூக்குகிறது’ என்று புகார்.

கம்பியில் உரசுகிறது என்பதும் வெட்டுவதற்குக் காரணம் ஆகாது. கம்பிப் பக்கம் மட்டும் கழித்தால் பாரம் மறுபக்கம் ஏறும். இரு பக்கமும் அளவாகக் கழிக்க வேண்டும். மரம் அடர்ந்த இடங்களில் திறந்த கம்பிக்குப் பதில் உறை போட்ட ஏரியல் பன்ச்டு கேபிள் இழுத்தால் கிளை பட்டாலும் ஒன்றும் ஆகாது. புதிய தொழில்நுட்பம் இல்லை, பல ஊர்களில் இருப்பதுதான்.

கார் மேல் கொக்கு எச்சம் போடுகிறது, ஆகவே மரத்தை வெட்டுங்கள் என்று சிலர் மனுவே கொடுத்திருக்கிறார்கள். இதே மாவட்டத்தில்தான் கூந்தன்குளம் இருக்கிறது. வீட்டு மரத்தில் கூடு கட்டுகிற பறவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். இவர்கள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், நாங்குநேரி வழிதான்.

ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்கிறார்கள். எங்கே நடுவார்கள்? சாலையை அகலப்படுத்திய பிறகு ஓரத்தில் இடம் ஏது? நடுத்திட்டில் அரளி வைத்து அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். அரளி நிழலில் ஒதுங்கிய ஆளை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். நெல்லையிலிருந்து தென்காசிக்கு நான்குவழிச் சாலையில் மதியம் பைக்கில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லா மரமும் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரம் சாய்ந்து நிற்கிற குல்மோகர் போகத்தான் வேண்டும். அது இயல்பிலேயே முறிகிற சாதி. பொந்து விழுந்த புளி ஒன்றும் அப்படித்தான். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அரசு நிலத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழு காகிதத்தை மட்டும் பார்க்காமல் நேரில் வரட்டும். மரவாரியாகக் காரணம் எழுதி வார்டு அலுவலகத்தில் ஒட்டட்டும். குழாய்க்காக எந்தெந்த மரத்துக்கு எந்தப் பக்கம் தோண்டினார்கள் என்ற வரைபடத்தையும் அதோடு சேர்த்து ஒட்ட வேண்டும். கூப்பிட்டால் நானும் வருகிறேன், பேட்டா எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன்மேன்,
நெல்லை மாவட்டம்.

பி.கு.: தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். குழாய் பதித்த ஒப்பந்ததாரர் என் மைத்துனர் மகனுக்குப் பெண் கொடுத்தவர்.