சினாய் மலையில் ஒரு கிணறு

அன்புள்ள வசந்தி,

ஊர் திரும்பிய மறுநாளே உன் கடிதம் கைக்கு வந்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பேத்தியின் மொட்டைக்கு வராமல் போனதற்கு மறுபடியும் மன்னித்துக்கொள். அந்த நாளில் நான் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். "நம்ம ஊர்ல இல்லாத கஷ்டமா? அரபு நாட்டுப் பாலைவனத்துக்குப் போய்த்தான் உதவணுமாடி?" என்று நீ கேட்டிருந்தாயே, அது அங்கே இருந்த மூன்று வாரமும் எனக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருந்த கேள்விதான்.

போன வருஷம் கெய்ரோவில் பெரியவன் வீட்டுக்குப் போனபோது எகிப்தின் சினாய் தீபகற்பத்துக்கு ஒரு நடை போய்வந்தது உனக்குத் தெரியும். மோசே கட்டளைகளைப் பெற்றதாகச் சொல்லும் மலை. அங்கே உள்ளவர்களுக்கு அது ஜெபல் மூசா, மூசா நபியின் மலை. 2,285 மீட்டர். விடியலைப் பார்க்க நடுராத்திரியில் டார்ச்சோடு ஏறும் கூட்டத்தில் நானும் ஏறினேன். கூட வந்த வழிகாட்டி இறங்கும்போது எதிர் மலையைக் காட்டி, "அங்கே எங்கள் தோட்டங்கள் இருக்கின்றன, பாதி பாழ்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது மனதிலேயே தங்கிவிட்டது.

திரும்பிப் போவதென்று முடிவானதும் முதலில் ஒரு ஏஜென்சியைத்தான் விசாரித்தேன். பெயர் வேண்டாம். இரண்டு வாரம் பெதூயின், அதாவது பாலைவன அரபுக் குலத்துக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரலாம் என்று பெரிய கட்டணம் கேட்டார்கள். இதில் அந்த ஊருக்கு எவ்வளவு போகும் என்று இரண்டு தடவை கேட்டேன், பதிலே இல்லை. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவளுக்கு, இரண்டு வாரம் வந்து போகும் டீச்சரால் பிள்ளைகளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது தெரியாதா? விட்டுவிட்டேன். பழைய வழிகாட்டிக்கே போன் போட்டு, "உங்களுக்கு என்ன வேலை ஆகணும்?" என்று கேட்டேன். "ஒரு கிணறு தூர்ந்து கிடக்கு, ஒரு மதில் விழுந்து கிடக்கு" என்றார். நாங்கள் ஆறு பேர் சேர்ந்தோம். கொத்தனார் கூலி, கழுதை வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் எங்களுடையது. என்ன செய்வது, எப்படிச் செய்வது என்பது முழுக்க அவர்கள் சொல்படி.

பாலைவனம் என்றால் நீ மணல்மேடும் ஒட்டகமும்தான் நினைப்பாய். இது அப்படியில்லை. செங்கருங்கல் மலைகள். அந்த மலையடிவாரத்துச் செயின்ட் கேத்தரின் ஊரே 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எகிப்திலேயே உயரமான மலை அதன் தலைக்கு மேல் நிற்கிறது. குளிர்காலத்தில் பனி விழும். நாங்கள் போனபோதும் மேலே நிழல் மூலைகளில் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பனி உருகிப் பாறை இடுக்கில் இறங்கித்தான் கிணறுகளுக்கு ஊற்று. மலையில் கறுப்பு வரிகள் குறுக்கே ஓடும். பழைய எரிமலைப் பாறை. மேலிருந்து மண்ணுக்கடியில் கசிந்து வரும் தண்ணீர் அந்த வரியில் முட்டி நிற்கும். அங்கே பார்த்துத்தான் கிணறு தோண்டியிருக்கிறார்கள்.

அங்கே இருப்பவர்கள் ஜெபலியா குலத்தார். ஜெபல் என்றால் மலை, ஆக மலைக்காரர்கள். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் அங்கே மடாலயம் கட்டியபோது, அதைக் காவல் காக்கக் கருங்கடல் பக்கமிருந்தும் அலெக்ஸாந்திரியாவிலிருந்தும் அனுப்பிய குடும்பங்களின் வழி நாங்கள் என்கிறார்கள். பின்னால் முஸ்லிம்களாகிவிட்டார்கள், ஆனால் மடத்தோடு உறவு விட்டுப்போகவில்லை. மடத்துச் சுவருக்குள்ளேயே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, வசந்தி. மற்ற பெதூயின் குலங்கள் ஆடு, ஒட்டகம் என்றால், இவர்களுக்கு அதோடு தோட்டமும் சேர்த்தி. மலைப் பள்ளத்தாக்குகளில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள், சுற்றிலும் கல் மதில். பாதாம், ஆப்ரிகாட், அத்தி, மாதுளை, ஆலிவ், திராட்சை. காட்டு மரத்தின் அடித்தண்டில் நல்ல கிளையை ஒட்டுக்கட்டுவதில் கெட்டிக்காரர்கள்.

தோட்டம் ஏன் பாழானது என்று கேட்டால் எல்லோரும் காசில்தான் ஆரம்பிக்கிறார்கள். தோட்டம் தானாகக் காசு தராது. வழிகாட்டிக் கூலியும் ஒட்டகக் கூலியும் தோட்டத்துக்குள் போகும். 2011இல் எகிப்தில் நடந்த மக்கள் கிளர்ச்சிக்கு அப்புறம் பயணிகள் குறைந்தார்கள். 2015 அக்டோபரில் ஷர்ம் அல்-ஷேக்கிலிருந்து கிளம்பிய ரஷ்ய விமானம் வெடித்து 224 பேர் போனார்களே, அதோடு சுத்தமாக நின்றுபோனது. வடக்கு சினாயில் ராணுவத்துக்கும் தீவிரவாதிகளுக்கும் நடந்த சண்டைக்குத் தெற்கே இருக்கும் இவர்கள் விலை கொடுத்தார்கள். அப்புறம் கொரோனா. ஆண்கள் கூலி வேலைக்குக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். பார்க்க ஆளில்லாத மதிலை ஒரு வெள்ளம் வந்து சாய்த்தால் அதோடு சரி. அங்கே மழை பெய்தால் மண் குடிக்காது. மொத்தத் தண்ணீரும் பாறையில் வழிந்து பள்ளத்தாக்கில் பாய்ந்து வரும். ஸெய்ல் என்கிறார்கள். எங்கள் கிணற்றைத் தூர்த்ததும் அப்படி வந்த ஒரு ஸெய்ல்தான்.

கிணறு நம் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில் பாதிகூட இருக்காது. ஒல்லியான ஒரு பையன் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினான். மணலும் கூழாங்கல்லும் டயர் ரப்பரில் தைத்த வாளியில் மேலே வரும். இழுப்பது நாங்கள், கொட்டுவது நாங்கள். பக்கத்தில் பழைய ஏற்றத்தின் கட்டை ஒன்று கிடந்தது, நம் ஊர் ஏற்றமேதான். ஒரு முனையில் கல் கட்டி, மறுமுனையில் வாளி. ஷாதூஃப் என்கிறார்கள். அதைத் தொட்டதும் அப்பாவின் ஏற்றப்பாட்டு காதில் கேட்டது. நாலாம் நாள் மத்தியானம் வாளியில் மணல் கறுத்து ஈரமாக வந்தது. எங்களோடு வேலை செய்த அந்த ஊர்ப் பெரியவர் ஒரு பிடி எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். பிறகு என் உள்ளங்கையிலும் வைத்தார். ஜில்லென்று இருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. வேலையை நிறுத்தவும் இல்லை.

மதில் வேலையில் ஒரு பாடம். சிமெண்ட், மண் எதுவும் கிடையாது, கல்மேல் கல். அழகான தட்டைக் கல்லாகப் பார்த்து, அகலமான முகம் வெளியே தெரிகிற மாதிரி நான் வைத்தேன். பெரியவர் வந்தார், அதை உருவினார், திருப்பினார், நீளவாட்டில் மதிலுக்கு உள்ளே போகும்படி செருகினார். வெளியே தெரிந்தது சின்னதாக ஒரு மூக்கு மட்டும். பிறகு என் கையைப் பிடித்து அந்தக் கல்லை ஆட்டச் சொன்னார். அசையவில்லை. நான் முதலில் வைத்தது அடுத்த ஸெய்லுக்குப் பெயர்ந்திருக்கும். காலையிலிருந்து நான் வைத்த கற்களை எல்லாம் அன்று சாயந்திரம் நானே பிரித்து மறுபடி அடுக்கினேன். பெரியவர் இருட்டும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

ஊருக்குள் பெண்கள் பக்கம் போக முடிந்தது நான் பெண் என்பதால்தான். மாவைத் தட்டி, எரிந்து அடங்கிய நெருப்பை விலக்கி, சூடான மணலில் போட்டு, மேலே தணலை மூடுவார்கள். லிப்பா என்கிற ரொட்டி. எடுத்ததும் சாம்பலைத் தட்டுகிற 'பொத் பொத்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டீயில் ஹபக் என்று ஒரு புதினா. எத்தனை பிள்ளைகள், யார் உன்னைத் தனியாக விட்டது, புருஷன் எப்போது போனார் என்று எல்லாம் கேட்டார்கள். பதில் சொல்லும்போது பக்கத்தில் இருந்த கிழவி என் முழங்காலில் கை வைத்தவள், ரொம்ப நேரம் எடுக்கவில்லை. என் போனில் அவர்கள் முகம் ஒன்றுகூடக் கிடையாது. போட்டோ கூடாது என்பது அவர்கள் வழக்கம். மலையில் ஷீஹ் என்று ஒரு செடி, கசக்கினால் ஏறக்குறைய நம் மரிக்கொழுந்து வாசம். ஒரு கொத்து புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரிலும் கிணறுகள் தூர்ந்துதான் கிடக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதவி கேட்பவர் யார், வேலையைச் சொல்பவர் யார் என்பதில் இவர்களிடம் ஒரு தெளிவு இருக்கிறது, அதை நான் இங்கே பார்த்ததில்லை. ஜெபல் மூசாவில் ஒட்டகக்காரர்களுக்கு முறை உண்டு. நம் வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுவது போல, இன்று இவன் என்றால் நாளை அவன். 2015இல் மூன்று குலங்கள் சேர்ந்து சினாய் ட்ரெயில் என்ற நடைபாதையைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான். 2018இல் எட்டுக் குலங்கள் சேர்ந்து அது 550 கிலோமீட்டரானது. ஒவ்வொரு குலத்தின் எல்லையிலும் அந்தக் குலத்து வழிகாட்டி மாறுவார், கூலி பிரியும். 2019இல் ஹமாதா குலத்துப் பெண்கள் நாலு பேர் முதன்முதலாக வழிகாட்டிகளாக நடந்தார்கள். பெண்களை மட்டுமே கூட்டிப் போவோம், பொழுது சாய்ந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று நிபந்தனை வைத்தது அவர்களும் அவர்கள் வீட்டாரும். வெளியாள் போய்ச் சீர்திருத்தியது இல்லை. அங்கே நடந்து, கூலி கொடுத்து, கல் தூக்கிவிட்டு வருவதுதான் நம்மால் ஆவது. அதில் எனக்குக் குறைவொன்றும் தோன்றவில்லை.

மனசை அரிக்கிற விஷயம் ஒன்றும் உண்டு. 2021இல் அரசு அங்கே ஒரு பெருந்திட்டம் தொடங்கியிருக்கிறது. புது ஹோட்டல்கள், வீடுகள், பார்வையாளர் மையம். யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியம் என்று அறிவித்த இடம் அது. வேலை கிடைக்கும் என்று சிலருக்கு நம்பிக்கை. பெரிய ஹோட்டலில் இறங்கும் பயணி எங்கள் தோட்டத்துக்கு எதற்கு நடந்து வரப்போகிறான் என்று சிலருக்குப் பயம். வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் நெருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். எனக்கும் அந்தப் பயம்தான் வசந்தி, அவர்கள் மலையில் அவர்களே கூலியாட்களாகிவிடக் கூடாது.

கிளம்பும் நாள் காலையில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. முதல் வாளியை ஆடுகளுக்குத்தான் கொடுத்தார்கள். மதில் ஓரத்தில் இரண்டு பாதாம் கன்றுகள் வைத்திருக்கிறார்கள். காய்க்க நாலைந்து வருஷம் ஆகும், வந்து பார் என்றார் பெரியவர். உடம்பு இடம் கொடுத்தால் போவேன். நீயும் வருகிறாயா? கழுதை இருக்கிறது, உன் முழங்காலை நினைத்து நீ பயப்பட வேண்டாம்.

சித்தப்பா தோட்டத்துக் கிணறு இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது? கடைசியாக எந்த வருஷம் தூர் எடுத்தார்கள், கைப்பிடிச் சுவர் நிற்கிறதா என்று விசாரித்து எழுது. வைகாசியில் நான் வரும்போது இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன்
தேவகி