கொலம்பியாவின் மாணவ வானொலிக்கு நன்றி மடல்

டபிள்யூகேசிஆர் 89.9 பண்பலையின் மாணவச் செய்தியாளர்களுக்கும், அவர்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

நியூயோர்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், காஸா மக்களுக்கு ஆதரவாக மாணவர்கள் கூடாரம் அமைத்த 2024 ஏப்ரல் 17 அதிகாலைக்குப் பின், வளாகத்தினுள் நடந்தவற்றை வெளியே தவித்திருந்த எங்களுக்கு அறியத் தந்தவை உங்கள் குரல்களே. அங்கு விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தியின் தாய் நான், குவீன்ஸில் வசிக்கிறேன். உங்களை இணையவழி கேட்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை நான் அறிவேன். நாம் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது எம்மவர்க்கும் தெரியவேண்டும் என்பதற்காகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். என் மகள் இதை ஆங்கிலத்தில் எழுதி உங்களிடம் சேர்ப்பாள்.

1941இல் தொடங்கிய உங்கள் நிலையத்தை இந்நகர மக்கள் பெரும்பாலும் ஜாஸ் இசைக்காகவே அறிந்திருந்தார்கள். அப்படிப்பட்ட நிலையம் தன் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவைத்து, ஒரு வளாகத்தின் செய்தியை மணிக்கணக்காக நேரலையில் சொல்லத் துணிந்தது சிறிய முடிவன்று. ஏப்ரல் 18 அன்று அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் மினூஷ் ஷஃபிக் பொலிஸாரை உள்ளே அழைத்து, 100க்கும் மேற்பட்டோர் கைதானபோதே, இச்செய்தியை வளாகத்தை அறிந்தவர்கள்தாம் சொல்லவேண்டும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. மாணவர்களின் கோரிக்கை பல்கலைக்கழகத்தின் முதலீடுகளைப் பற்றியது. இஸ்ரேலின் போருடன் தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து பணத்தை விலக்கிக்கொள்ளுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. கூச்சலையும் தள்ளுமுள்ளையும் மட்டும் காட்டிய பல செய்திகளில் அந்தக் கோரிக்கை காணாமற்போனது. நீங்கள் அதைத் தெளிவாகச் சொன்னீர்கள். நிர்வாகத்தின் அறிக்கைகளையும் சொன்னீர்கள்.

ஏப்ரல் 30 இரவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அன்று அதிகாலையில் மாணவர்கள் வளாகத்திலுள்ள ஹமில்டன் மண்டபம் என்ற கட்டடத்தினுள் நுழைந்து, காஸாவில் கொல்லப்பட்ட ஐந்து வயதுச் சிறுமி ஹிந்த் ரஜபின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். வளாகம் வெளியாருக்கு மூடப்பட்டது. வெளிப் பத்திரிகையாளர்களும் உள்ளே செல்ல முடியவில்லை. இரவு ஒன்பது மணியளவில் பொலிஸார் திரண்டு, ஏணி பொருத்திய வாகனம் ஒன்றின் வழியாக மேல்மாடி யன்னலால் மண்டபத்தினுள் இறங்கினார்கள். விடுதியிலிருந்தோர் வெளியே வரவேண்டாம் என்று பணிக்கப்பட்டிருந்த அந்த நேரத்தில், பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று அறியத் துடித்த பெற்றோருக்கு உங்கள் அலைவரிசையைவிட்டால் நம்பத்தக்க வழி வேறு இருக்கவில்லை. எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் கேட்க முனைந்ததால் உங்கள் இணையத்தளமே முடங்கியது. அதை மீண்டும் இயங்கச் செய்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் அவர்களுக்கு என் நன்றி தனியாக உரியது.

களத்தில் நின்றவர்கள் தொலைபேசியில் பேசினார்கள். கலையகத்தில் இருந்தவர்கள் அவர்களிடம் பொறுமையாகக் கேட்டார்கள். எந்த வாசலில் நிற்கிறீர்கள், அங்கிருந்து எது தெரிகிறது, அதை நீங்களே கண்டீர்களா, வேறொருவர் சொன்னாரா என்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. உறுதிப்படாத ஒன்றை உறுதிப்படவில்லை என்றே சொன்னீர்கள். பின்னுக்குத் தள்ளப்பட்டபோது, இப்போது எங்களால் மண்டபத்தைப் பார்க்க முடியவில்லை என்றும் சொன்னீர்கள். காத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்பேன். பார்க்க முடியாத இடத்தில் ஊகத்தை வைத்து நிரப்பாத செய்தியாளரைத்தான், அவர் பார்த்தேன் என்று சொல்லும்போது நாங்கள் நம்புகிறோம். அன்றிரவு கொலம்பியாவிலும் அதற்கு வடக்கேயுள்ள சிற்றி கல்லூரியிலுமாக ஏறத்தாழ 300 பேர் கைதானார்கள் என்ற செய்தி வந்தபோதும், உங்கள் குரல் உயரவில்லை.

யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் கிடைக்காமல், சைக்கிளை நிறுத்திவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசையைக் கேட்ட தலைமுறை எங்களுடையது. அடுத்த ஊரில் என்ன நடந்தது என்பதையே கடல் கடந்து வரும் ஒலியில்தான் அறிந்தோம். ஆகவே பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் தங்கள் வகுப்புத் தோழர்கள் கைதாவதைப் பார்த்தபடி, குரல் தளராமல் செய்தி சொல்வதன் பாரம் எவ்வளவு என்பதை நான் உணர்கிறேன். வருட இறுதிப் பரீட்சைகளும் அந்த நாட்களிலேயே உங்கள் முன் இருந்தன.

ஹமில்டன் மண்டபத்துக்கு இது புதிதன்று. வியட்நாம் போர் ஆராய்ச்சியோடு பல்கலைக்கழகத்துக்கு இருந்த தொடர்பையும், அயலிலுள்ள ஹார்லம் பகுதி மக்களின் எதிர்ப்பை மீறி மோர்னிங்சைட் பூங்காவில் எழவிருந்த உடற்பயிற்சிக் கூடத்தையும் எதிர்த்து 1968இல் மாணவர்கள் அங்கே நுழைந்தார்கள்; 700 பேரளவில் கைதாகினார்கள்; அந்தக் கைதுகள் நடந்ததும் ஏப்ரல் 30இல்தான். அன்றும் உங்கள் நிலையத்தின் மாணவர்களே நேரலையில் சொன்னார்கள். 1985இல் தென்னாபிரிக்க இனவெறி அரசோடு தொடர்புள்ள முதலீடுகளுக்கு எதிராக அதே மண்டபத்தின் வாசலை மாணவர்கள் மறித்தார்கள். அந்த ஆண்டே அம்முதலீடுகளை விலக்கப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. தொலைதேசப் போர் ஒன்று இவ்வளாகத்தின் கணக்குப் புத்தகத்தோடு எப்படித் தொடர்புபடுகிறது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் கேட்டிருக்கிறது, அதைப் பதிவு செய்ய ஒரு மாணவ வானொலியும் இருந்திருக்கிறது.

உங்களுக்குத் துணைநின்ற இதழியல் பள்ளி ஆசிரியர்களுக்கும், தங்கள் இசை நேரத்தை விட்டுக்கொடுத்த நிகழ்ச்சித் தொகுப்பாளர்களுக்கும், அதே நாட்களில் இரவு பகலாக எழுதிய கொலம்பியா டெய்லி ஸ்பெக்டேற்றர் என்ற மாணவர் பத்திரிகையினருக்கும் நன்றி. கைதாகும் ஆபத்தின் நடுவே செய்தி சேகரித்த மாணவச் செய்தியாளர்களைப் அமெரிக்க இதழியலின் உயர்ந்த விருதான புலிற்சர் பரிசின் குழு மே மாதத் தொடக்கத்தில் பாராட்டியது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த வாரங்களின் ஒலிப்பதிவுகளை, தயங்கிய இடங்களையும் திருத்திய இடங்களையும் வெட்டாமல், முழுமையாகக் காத்துவையுங்கள். அவற்றின் பகுதிகளைத் தமிழில் எழுத்தாக்க எங்கள் நண்பர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறார்கள். நிலையத்துக்கான எங்கள் குடும்பத்தின் பங்களிப்பை இம்மடலோடு அனுப்புகிறோம். பதிவுகளைப் பேணும் செலவுக்கு அதைப் பயன்படுத்தினால் மகிழ்வோம்.

மிக்க நன்றியுடன்,
மாணவி ஒருத்தியின் தாய்,
குவீன்ஸ், நியூயோர்க்.