மாதேஷுக்கு ஒரு போன் போடு

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள வளரு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஓசூருக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெங்களூரா மாங்காய் என்ன விலை போகிறது என்று மட்டும் கேட்காதே, வயிறு எரியும். உன் இடுப்பு வலிப் புராணத்தையும் வாய்ஸ் மெசேஜில் முழுதாகக் கேட்டேன், அதற்கு அப்புறம் வருகிறேன். போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டைத்தான் உனக்குத் தெரியுமே, சமையல்கட்டில் முணுமுணுத்தால் திண்ணையில் இருக்கிறவனுக்குக் கேட்கும். திண்ணையில் இருப்பது தம்பி மாதேஷ், விஷயமே அடிபட்ட அவன் முதுகைப் பற்றியதுதான். அதனால்தான் கடிதம்.

துரைசாமி மாமாவை மறந்திருக்க மாட்டாய். நம் ஸ்கூல் டூருக்கே சாமியாடித் தடை போட்டவர். போன மாதம் கையில் ஒரு நோட்டீஸோடு வந்து உட்கார்ந்தார். ஸ்டெம் செல் ஊசியாம், வேறு செல்லாக மாறி வளரக்கூடிய செல்லாம் அது. முதுகுத்தண்டில் போட்டால் செத்த நரம்பு துளிர் விடுமாம். ஆகும் செலவு லட்சக்கணக்கில். ஆற்றோரத்து மாந்தோப்பை விற்றால் சரியாக இருக்கும் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தார். அன்றிலிருந்து தம்பி பயிற்சியைத் தொடுவதில்லை. "ஊசி போட்டா தானா வரப்போகுது, அதுக்கு எதுக்கு இந்தக் கூத்து" என்கிறான். அவன் பிடித்து நடக்க வாசலில் நட்டு வைத்த கம்பியில் அவன் பெண்டாட்டி ரேவதி சேலை காயப்போடுகிறாள்.

நீ அப்போது மகள் பிரசவத்துக்கு மஸ்கட்டில் இருந்தாய், உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். போன வருஷம் மாசியில் புளி உலுக்கும்போது கிளை முறிந்து, உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தான். விலா எலும்போடு இறுகிக் கிடக்கும் மேல்முதுகும், வளைந்துகொடுக்கும் கீழ்முதுகும் சேருகிற இடத்தில்தான் அந்த அடி முழுக்க இறங்குமாம். இவனுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதல் எலும்பு நொறுங்கி, சில்லு உள்ளே போய் நரம்பை அழுத்திவிட்டது. ஆளாளுக்குக் கையையும் காலையும் பிடித்து சின்ன யானையில் தூக்கிப் போடப் பார்த்திருக்கிறார்கள். என்.சி.சி.யில் இருந்த ஒரு பையன்தான் யாரையும் தொடவிடாமல் 108 வரும்வரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடக்கித் தூக்கியிருந்தால் அழுந்திய நரம்பு அறுந்தே போயிருக்கலாம் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ராடும் ஸ்க்ரூவும் வைத்து எலும்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, போகப் போகச் சரியாகும்" என்று சொல்லி அனுப்பியதோடு சரி. உணர்ச்சி இல்லாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று எங்களிடம் ஒரு நர்ஸ் கூடச் சொல்லவில்லை. வந்து கொஞ்ச நாளிலேயே பிட்டத்துக்கு மேலே படுக்கைப் புண். நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

அதன் பிறகுதான் வேலூர் பாகாயத்துக்குப் போனோம். சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் அங்கே இருக்கிறது. அதை உண்டாக்கிய மேரி வர்கீஸ் கதை உனக்குத் தெரியுமா? அதே சி.எம்.சி.யில் டாக்டராக இருந்தவர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு காலும் செயலற்றுப் போய்விட்டன. வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1966-ல் இந்த மையத்தைத் திறந்தார். அதைக் கேட்ட ராத்திரிதான் மாதேஷ் விழுந்ததிலிருந்து முதல்முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டான்.

பிசியோதெரபி என்றால் நான் கரண்டு வைப்பது, மெஷினில் சூடு காட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா கூட முதல் வாரம் முழுக்க "எப்ப கரண்டு வைப்பீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே வேலை முழுக்க அவனுக்குத்தான். ரொம்ப நாள் படுத்தே கிடந்தவனை நேராக உட்கார வைத்தால் ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும். அதனால் பலகையில் பட்டை போட்டுக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வை உயர்த்தி நிற்கப் பழக்குகிறார்கள். அப்புறம் இரண்டு கட்டையைக் கையில் பிடித்து ஊன்றி, பிட்டத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவதற்கும், கால் மணி அரை மணிக்கு ஒருமுறை உட்காரும் இடத்துக்குக் காற்று காட்டுவதற்கும் அந்தத் தெம்புதான் வேண்டும். நாலைந்து மணிக்கு ஒருமுறை தானே கத்தீட்டர் குழாய் போட்டு சிறுநீரை எடுத்துவிடவும் கற்றுக்கொண்டான். வெட்கப்பட்டுக்கொண்டு ஆரம்பித்தவன் இப்போது பல் துலக்குவது போலச் செய்கிறான். சிறுநீர் தேங்கினால் கிட்னி கெடும், கிட்னி கெட்டால் காலைப் பற்றிப் பேசவே ஆள் இருக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

இதில் ஒரு நல்ல செய்தி இருந்தது, வளரு. அவனுக்கு நரம்பு முழுக்க அறுபடவில்லை. ஆசனவாயைச் சுற்றி லேசாக உணர்ச்சி இருந்ததை வைத்தே டாக்டர் சொல்லிவிட்டார், இது அரைகுறைக் காயம், மீள வழி உண்டு என்று. ஒருநாள் தொடைச் சதை துடித்தது. முழங்கால் நீளவில்லை, தோலுக்கு அடியில் ஒரு சுண்டல், அவ்வளவுதான். பிசியோ பெண் அவன் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, "இதுதான், இதையே திரும்பப் பண்ணு" என்றாள். மூளையிலிருந்து வரும் சேதி எந்த நரம்பு வழியாவது அந்தச் சதைக்கு எட்டிவிட்டால், திரும்பத் திரும்பச் செய்வதில்தான் அந்தத் தடம் பலப்படுமாம். இன்றைக்கு முழங்காலை நீட்டிப் பூட்டுகிறான். பாதம் மட்டும் தொங்குகிறது, அதற்கு ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்டு வரை போய் பால்காரரிடம் வம்பளந்துவிட்டு வருவான். வந்துகொண்டிருந்தான் என்று சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வரும் பிசியோ பெண் மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிறவள். அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் மாவட்டத்தில்தான், சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில். அன்றைக்கு டி.வி.யில் பார்த்துவிட்டு "யாருக்கு வரப்போறாங்க" என்று சேனலை மாற்றியவர் எங்கள் வீட்டுக்காரர். இப்போது அவள் வரும் நாளில் நிப்பட்டும் காபியும் எடுத்து வைப்பதே அவர்தான். வாசலில் இரண்டு ஜி.ஐ. பைப்பை இடுப்பு உயரத்துக்கு நட்டு நடக்க வைத்தவளும் அவள்தான். வெயிலில் பைப் கொதிக்கும், அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினோம். கை சுட்டால் அவனுக்குத் தெரியும், கால் சுட்டால் தெரியாது. சித்திரையில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்து உட்கார்ந்திருந்தவனுக்குக் கொப்புளம் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அதிலிருந்து ராத்திரி ராத்திரி கண்ணாடியைப் பிடித்து உள்ளங்கால், பிட்டம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் தூங்குவான்.

அந்தக் கண்ணாடியையும் இப்போது எடுப்பதில்லை. நேற்று ரேவதி என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். உட்காரும் எலும்பு அழுந்தும் இடத்தில் கன்றிப்போன ஒரு தடம். விரலால் அழுத்தினேன், நிறம் மாறவில்லை. அப்படி மாறாமல் இருந்தால் புண்ணுக்கு முதல் படி அது என்று பாகாயத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குதிகால் தசைநாணும் இறுகிவிட்டது, பாதம் முன்பு போல் நிமிரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் ஷூவே ஏறாது.

பிசியோ பெண்ணிடம் ஊசியைப் பற்றிக் கேட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் போட்ட விதிப்படி, ரத்த சம்பந்தமான சில நோய்களுக்குத் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் அனுமதி வாங்கிய ஆராய்ச்சியில்தான். "ஆராய்ச்சின்னா உங்க கிட்ட ஏங்க்கா லட்சம் கேக்கறாங்க" என்றாள். அதற்கு மாமாவிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். நரம்பு தானாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் ஒரு வருஷத்துக்குள்தான். அதன் பிறகு வரும் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கும். இருக்கிற சதையை வளர்ப்பது, சமநிலை, படி ஏறுவது, பஸ்ஸில் ஏறுவது, இதெல்லாம்தான் இனி. அவனுக்கு அது போதாது. பழைய கால் வேண்டும். முப்பத்தெட்டு வயதுதான் அவனுக்கு, அவன் இடத்தில் இருந்தால் எனக்கும் போதாதுதான். அந்த ஆசையைத்தான் நோட்டீஸ் அடித்தவன் காசாக்கப் பார்க்கிறான்.

சரி, இப்போது உன் இடுப்புக்கு வருகிறேன். பேங்கில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றதும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாயாமே! வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 20 வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு ஜவ்வு பிதுங்கல் உண்டாம், 80 வயதில் 84 பேருக்கு. நமக்கு இல்லாவிட்டால்தான் அதிசயம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டும் வேண்டாம், இழுத்துக் கட்டும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. உடற்பயிற்சியைத்தான் சொல்கிறது. கால் முன்னே பிறந்தவள் மிதித்தால் வலி போகும் என்று ராணியக்காவிடம் முதுகைக் காட்டி மிதி வாங்கியவள்தானே நீ, அதற்கு பெல்ட் தேவலை என்பாய்.

நியூசிலாந்தில் மெக்கன்சி என்று ஒரு பிசியோ இருந்தார். 1956-ல் காலுக்கு வலி இறங்கிய ஒரு ஆள், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டாராம். முதுகு பின்னால் வளைந்தபடி கொஞ்ச நேரம் கிடந்தவர் எழுந்து, கால் வலி போய்விட்டது என்றாராம். அதிலிருந்து வந்ததுதான் குப்புறப் படுத்துக் கையூன்றி நெஞ்சைத் தூக்கும் பயிற்சி. எல்லோருக்கும் அது ஒத்துவராது, சிலருக்குக் குனிந்தால்தான் நிம்மதி. யாருக்கு எது என்று பார்த்துச் சொல்லத்தான் பிசியோ. திருப்பூரில் ஒருவரைப் பார்.

இது மட்டும் கேலியில்லை, கவனமாகப் படி. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் கசிந்தாலோ, சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, பிசியோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு.

உன்னால் ஆக வேண்டியது இதுதான். என் பேச்சை மாதேஷ் கேட்க மாட்டான். அக்கா என்றால் அம்மாவின் கையாள் என்று முடிவு கட்டிவிட்டான். கேரம் போர்டில் உன்னை ஒரு தடவையாவது தோற்கடிக்க வேண்டும் என்று எட்டாவதில் சபதம் போட்டவன். அவனுக்கு வீடியோ கால் போட்டு, "இடுப்பு வலி தாங்கலடா, உனக்குத்தான் எல்லாப் பயிற்சியும் தெரியுமாமே, சொல்லிக்கொடு" என்று கேள். தோப்பைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் வாயே திறக்காதே. அவன் சொல்லச் சொல்ல நீ செய். நீ பாதியில் நிறுத்தினால் அவன் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாவது உன்னைத் திட்டுவான், எனக்கு அவனைத் தெரியும்.

காலையில் ஏழரைக்கு மேல் கூப்பிடு, அதற்குள் கத்தீட்டர், குளியல் எல்லாம் முடிந்திருக்கும். திங்கட்கிழமையே போடு, துரைசாமி மாமா வியாழக்கிழமை தோப்புக்கு ஆளைக் கூட்டி வருகிறேன் என்றிருக்கிறார். கம்பியிலிருந்து சேலையை எடுக்கச் சொல்லி ரேவதியிடம் நான் சொல்லிவிடுகிறேன்.

உன்,
கலைச்செல்வி