தாளம் போடக் கை போனது

ஆசிரியருக்கு,

ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'ஸ்க்ராட்ச் மை பேக்' (2010) ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தூக்கம் வருகிறதாம், உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

நான் மிருதங்கம் வாசிப்பவன். டிரம்ஸ் வேண்டாம், கிடார் வேண்டாம், ஆர்கெஸ்ட்ரா போதும் என்று அறுபது வயதில் ஒருவர் பிறருடைய 12 பாட்டுகளைப் பாடியிருக்கிறார் என்றதும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். மகள் இரண்டாம் பாட்டிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். பால் சைமனின் 'தி பாய் இன் தி பபுள்' அது. 1986இல் வந்த மூலத்தில் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டு அக்கார்டியன் ஆளை எழுப்பி நிறுத்தும். இங்கே பியானோ மெல்ல நடக்கிறது. அப்போதுதான் வரிகளே காதில் விழுந்தன. குண்டு வெடிப்பைச் சொல்லும் பாட்டு என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை, தாளத்தில்தான் கிடந்திருக்கிறேன்.

முதல் பாட்டு டேவிட் போவியின் 'ஹீரோஸ்'. வயலின்கள் ஏற ஏறத் தொடையில் தாளம் போடக் கை போனது, பாதியில் நின்றுவிட்டது.

சரி, குறையும் உண்டு. எல்லாமே கிட்டத்தட்ட ஒரே விளம்ப காலம், அதாவது மெதுநடை. ஒரே மூச்சில் என்னாலும் முடியவில்லை, நாலு நாலாகத்தான் கேட்டேன். மகள் மீதியை இன்னும் கேட்கவில்லை.

— ஒரு வாசகர், கும்பகோணம்